பெட்ரோல் மட்டும் போட்டு எடுத்த கார்

வாடகைக் கார் எடுக்கும் விஷயத்தில் என்னைக் கேட்காமல் எங்கள் சொந்தக்காரர்களில் எவரும் வெளிநாடு கிளம்புவதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடம் போகாமல் ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் குடும்பத்தோடு சுற்றிப் பார்க்கப் போகிற பட்டதாரிகள், அங்கே கார் எடுப்பதற்கு முன்னால் எனக்குத்தான் போன் போடுகிறார்கள். காரைச் சுற்றிவந்து சொட்டை, கீறலையெல்லாம் கார்க்காரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எண்ணு, பெட்ரோல் எவ்வளவு கிடந்தது என்று பார்த்துக்கொள், கேட்ட விலையைக் கேட்ட இடத்திலேயே ஒத்துக்கொள்ளாதே என்பேன். "இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பார்கள். நான் வெளிநாட்டுக்குக் கார் எடுத்தபோது உங்க அப்பனே பிறக்கவில்லை என்பேன்.

அது ஐம்பதுகளில். ராஜ்யங்களை மொழிவாரியாகப் பிரிப்பதற்கு ஒன்றிரண்டு வருஷம் முந்தி. போடியிலிருந்து வளைந்து வளைந்து ஏறினால் போடிமெட்டு. அதுவரைக்கும் நம் சர்க்கார். அங்கே ரோட்டின் குறுக்கே போட்டிருந்த மூங்கில் தடுப்பைத் தாண்டினால் திருவாங்கூர்-கொச்சி. பேச்சு வேறு, சட்டம் வேறு, டீயின் ருசிகூட வேறு. எங்களுக்கு அதுதான் வெளிநாடு.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது இருக்கும். சாக்குத் தைத்தவன் சாக்குத் தூக்கி, சாக்குத் தூக்கியவன் காய் சலித்து, காய் சலித்தவன் தரகு பார்த்து, கடைசியில் சொந்தமாகத் தராசு மாட்டியிருந்தேன். எவரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நாலு காயை உள்ளங்கையில் உருட்டினால் எந்த மலைக் காய், எப்படி உலர்த்தியது என்று சொல்லிவிடுவேன். அந்த வருஷம் நான் பிடித்து வைத்திருந்த சரக்குக்கு நல்ல விலை வந்தது. அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்து என் சம்சாரத்திடம், "என்ன வேணும், கேளு. வளையலா, சேலையா?" என்றேன்.

அவள் அடுப்படியில் இருந்தாள். அவள் எப்போதும் அடுப்படியில்தான் இருந்தாள். நாங்கள் அண்ணன் தம்பி மூன்று பேர், ஒரே வீடு, ஒரே உலை. கடைசி மருமகள் வந்துவிட்டால் மூத்தவர்கள் கரண்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்வது எங்கள் வீட்டு வழக்கம். கல்யாணமாகி நாலு வருஷமாக, பெரியவர் சின்னவர் சேர்த்துப் பதினாலு பேருக்கு அவள்தான் பொங்கிப் போட்டாள். தாய்வீட்டுக்குப் போனாலும் அங்கே படுக்கையில் கிடக்கும் தகப்பனாருக்கு அவள்தான் கஞ்சி காய்ச்ச வேண்டும்.

புகைக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்து, "நெசமாத்தான் கேக்குறீங்களா?" என்றாள்.

"யாவாரி வாயில இருந்து சும்மா வருமா? கேளு புள்ள."

"மூணு நாளு நான் அடுப்புப் பக்கம் போகக் கூடாது. கரண்டியத் தொடக் கூடாது. இன்னைக்கு என்ன பொங்குறதுன்னு யோசிக்கக்கூடக் கூடாது."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதானாவா? செஞ்சு காட்டுங்க பாப்போம்."

வீட்டில் இருந்துகொண்டு அது நடக்காது. தேவிகுளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் எனக்குத் தெரிந்த கணக்கப்பிள்ளை ஒருவர் இருந்தார். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும், "வீட்டுக்காரம்மாவைக் கூட்டிட்டு வந்து நாலு நாள் இருந்துட்டுப் போங்க" என்பார். அவர் வீட்டு அம்மா சமையலில் கெட்டி. அங்கே போய் உட்கார்ந்தால் மூன்று நாளும் இலை போட்டுச் சாப்பாடு வரும். "தேவிகுளம் போறோம்" என்றேன். அவள் முகம் பாதிதான் மலர்ந்தது. எஸ்டேட்டு ஆள் ஏற்றுகிற ஜீப்பில் இருபது பேரோடு நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்திருப்பாள். "கார்ல" என்றேன்.

"கார்லயா? நாமளா?"

"நீயும் நானும். வேற ஒரு ஈ காக்கா கெடையாது." கையடித்துக் கொடுத்தேன். நான் கையடித்துக் கொடுத்தால் கடையில் பத்திரம் எழுதியதற்குச் சமம். இன்றைக்கும் அப்படித்தான்.

பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ரெண்டு டாக்ஸி நிற்கும். வசதியானவன் என்று தெரிந்தால் விலையை ஏற்றுவான் என்று, கிட்டங்கியில் கட்டுகிற அழுக்கு வேட்டியோடு போனேன். டாக்ஸிக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்து மூக்கை உறிஞ்சினான்.

"வேட்டி அழுக்கா இருக்கு. ஆனா மொதத்தரக் காய் வாசமில்ல அடிக்குது? இந்த வருசம் நல்ல வெலையாமே அண்ணே?"

"என் கதைய விடு. தேவிகுளம், மூணு நாளு. எவ்வளவு?"

"எம்பது ரூவா. போக மைலுக்குத் தனி, வர மைலுக்குத் தனி, மலை ஏத்தத்துக்குத் தனி, நிக்கிறதுக்குத் தனி, டிரைவர் பேட்டா தனி, அந்தச் சர்க்காரு பெர்மிட்டுத் தனி. எல்லாம் சேத்துத்தான் எம்பது."

"உள்ள உக்காந்து மூச்சு விடுறதுக்கு?"

"அது இந்த மாசம் இனாம்ணே."

திரும்பி வந்துவிட்டேன். வருகிற வழியிலேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஓடினால்தான் சோறு என்று இருக்கிற காரில் விலை குறையாது. ஓடாமல் நிற்கிற காரைப் பிடிக்க வேண்டும். நம்மை ஏற்றிக்கொண்டு போனால் கார்க்காரனுக்கே நல்லது என்று இருக்க வேண்டும். இந்த மாதிரி யோசனையெல்லாம் காலேஜில் சொல்லித்தருவதில்லை.

போடிக்குப் பக்கத்து ராசிங்காபுரத்தில் ஒரு பெரிய விவசாயி இருந்தார். மாமா என்று கூப்பிடுவேனே தவிர உறவு கிடையாது. மகள் கல்யாணத்துக்கு ஜம்பமாக ஒரு பழைய சீமைக் கார் வாங்கினார். கல்யாணம் முடிந்ததும் பெட்ரோல் செலவுக்குப் பயந்து கொட்டகையில் நிறுத்தியவர்தான். நான் போனபோது பின்சீட்டில் விதைக்கடலை மூட்டை கிடந்தது.

"மாமா, ஓடாத வண்டிக்குப் பேட்டரி செத்துப்போகும். டயரு ஒருபக்கமா அமுங்கிப்போச்சு பாருங்க. மலை ஏறி எறங்குனாத்தான் இஞ்சின் இறுகாம இருக்கும்."

"யாருப்பா சொன்னது?"

"ஊரே சொல்லுது."

"அதாவது ஓசிக்குக் கேக்குற."

"ஓசியா? பெட்ரோலு நான் போடுறேன் மாமா. உங்க வண்டிக்கு மூணு நாளு வைத்தியம் பாக்குறேன். வைத்தியத்துக்குப் பீஸு கேக்கணும். கேக்கல."

வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அவர் சிரித்தார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. ரெண்டு கட்டளை போட்டார். "என் டிரைவர்தான் ஓட்டுவான். பேட்டா வேணாம், சம்பளம் நான் குடுக்குறேன். ஆனா மூணு வேளையும் நீ சோறு போடணும். கிளப்புக்கடைச் சோறு அவன் வயித்துக்கு ஆகாது, வீட்டுக் கையால பொங்குனதா இருக்கணும். ஒரு வேளை தப்புனாலும் வண்டியத் திருப்பிக்கிட்டு வந்துருவான், அப்புறம் என்னைக் கேக்காத. இன்னொண்ணு, எவன் கேட்டாலும் என் சொந்தக்காரன்னு சொல்லு. வாடகைன்னு வாயத் தொறந்துறாத. இது டாக்ஸி பெர்மிட்டு இல்லாத வண்டி."

"சோறுதான மாமா" என்றேன். கணக்கப்பிள்ளை வீட்டு உலையில் ஒரு படி அரிசி கூடுதலாகப் போட்டால் ஆயிற்று. எண்பது ரூபாய் எங்கே, பெட்ரோலும் ஒரு படி அரிசியும் எங்கே!

அங்கேயே அவரைக் கூட்டிக்கொண்டு காரைச் சுற்றி வந்தேன். முன் மட்கார்டில் ரெண்டு சொட்டை, கதவில் ஒன்று, பின்னால் ஒரு நீளக் கீறல் என்று சத்தம் போட்டு எண்ணி, கொட்டகையில் நின்ற ஆள்களைச் சாட்சி வைத்தேன். ஒரு வேப்பங்குச்சியைப் பெட்ரோல் டாங்கிக்குள் விட்டு, நனைந்த இடத்தில் பல்லால் கடித்து அடையாளம் வைத்தேன். திருப்பி விடும்போது அந்த அடையாளத்துக்கு மேலே ஒரு சொட்டு நிற்காது. மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீ முன்னுக்கு வந்துருவப்பா" என்றார். வந்தேன்.

பங்குனியில் ஒரு காலையில் கிளம்பினோம். காய் எடுப்பு முடிந்து ஏலத் தோட்டங்களில் வேலை ஓய்ந்திருக்கும் மாதம். டிரைவர் ஐம்பது வயது தாண்டியவர், கிணற்று ராட்டினக் கம்பு மாதிரி ஒல்லி. கிளம்புமுன் எங்கள் வீட்டில் பதினோரு இட்லி சாப்பிட்டார். பதினோராவது இட்லியை வைத்துவிட்டுக் கையைக் கழுவிய என் சம்சாரம், "இதுதான் கடைசி" என்று என் காதோரம் சொன்னாள். அப்புறம் டிக்கியில் கிடந்த அரிசிப் பையைப் பார்த்துவிட்டாள்.

"இது எதுக்கு?"

"டிரைவர் சாப்பாட்டுக்கு. பேட்டாவ மிச்சம் புடிச்சுட்டேன்ல?"

"யாரு பொங்குறது?"

"கணக்கப்பிள்ளை வீட்ல. நீ பேசாம ஏறு."

பையை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஏறினாள். அடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் அதை மறந்துவிட்டாள். பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்து ஆவி அடித்தது. ஓடைத் தண்ணீர் ஊற்றி ஆற வைத்தோம். மறுபடியும் ஏறும்போது ரோட்டின் மேல் மேகம் இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "ஈரமா ஒட்டுதுங்க" என்று கையை என்னிடம் காட்டினாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

போடிமெட்டுத் தடுப்பில் அந்தப் பக்கத்துச் சர்க்கார் ஆள் சாவடியிலிருந்து வெளியே வந்தார். நல்ல மனுஷர். பாதி மலையாளம், பாதி தமிழ்.

"வண்டி ஆருடெயா?"

"எங்க மொதலாளி வண்டி சார். இவுக மொதலாளிக்குச் சொந்தக்காரவுக. விருந்துக்குப் போறாக" என்றார் டிரைவர்.

"டாக்ஸி அல்லல்லோ?"

"இல்ல சார்."

தடுப்பைத் தூக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். மூங்கில் பாதிக்கு மேல் உயர்ந்துவிட்டது. அத்தோடு போயிருக்கலாம். அவர் காருக்குள் எட்டிப் பார்த்து, சும்மா பேச்சுக்கு, "நேத்தும் ஒரு போடி வியாபாரி வந்நு. டாக்ஸியில். மூணு நாளைக்கு எம்பது ரூபாயாம். உங்க ஊரில் எல்லாரும் காசுகாரங்க" என்றார்.

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏலக்காய் விலை பேசும்போது துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவோம். பக்கத்தில் நிற்பவனுக்கு மூச்சுக்கூடக் கேட்காது. ஆனால் பேரம் படிந்து சரக்குக் கைக்கு வந்தபிறகு, எவ்வளவு குறைத்து வாங்கினோம் என்று நாலு பேரிடம் சொல்லாவிட்டால் போடிக்காரனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. கூடுதலாகக் கொடுத்து ஏமாந்தவன் என்று ஒருத்தன் நினைத்துவிட்டால், அதைவிடக் கேவலம் கிடையாது. அந்த எண்பது ரூபாய் ஆளோடு என்னையும் சேர்த்து, "எல்லாரும் காசுகாரங்க" என்கிறார்!

"எம்பதா? எந்த மடையன் சார் அது?" என்று கதவுக்கு வெளியே தலையை நீட்டினேன். "இதே மூணு நாளு, இதே மலை. நான் பெட்ரோல் மட்டும் போட்டு எடுத்துருக்கேன் சார்! டிரைவருக்குச் சோறு. வேற ஒத்தப் பைசா கெடையாது. பேசுற வெதத்துல பேசணும்ல?"

உயர்ந்த மூங்கில் அப்படியே நின்றது. டிரைவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். பின்னாலிருந்து என் சம்சாரம், "ஐயோ, போச்சு" என்றாள்.

"அப்போள் வாடகைக்கு எடுத்ததா?" என்றார் அவர்.

"வாடகை இல்ல சார். பெட்ரோலு..."

"எடுத்துருக்கேன் என்னு நிங்கள்தானே பறஞ்ஞது? டிரைவருக்குச் சோறு கூலி அல்லே?"

நானும் எவ்வளவோ பேசினேன். அவர் கோபப்படவில்லை, கேஸும் எழுதவில்லை. சட்டத்தைத்தான் சொன்னார். பெர்மிட் இல்லாத வாடகை வண்டி தடுப்பைத் தாண்டக் கூடாது. ஆள் போகலாம், வண்டி போகக் கூடாது. மூங்கில் இறங்கிவிட்டது.

காரை ஓரமாக நிறுத்தினோம். கணக்கப்பிள்ளை வீட்டுச் சாப்பாடு மூங்கிலுக்கு அந்தப் பக்கம். டிரைவரும் அவர் பசியும் இந்தப் பக்கம். மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது.

"வீட்டுக்குத் திரும்பிருவமா?" என்று கேட்டேன்.

"வீட்டுல பதினாலு பேரு" என்றாள். "நான் வரல."

"சரி, காரை அனுப்பிட்டு ஜீப்புல போயிருவமா?"

அந்த நேரம் பார்த்து ஒரு எஸ்டேட் ஜீப் எங்களைத் தாண்டிப் போயிற்று. உள்ளே எத்தனை பேர் என்று தெரியவில்லை, வெளியே மட்டும் ஏழு பேர் தொங்கினார்கள். அவள் ஜீப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.

எனக்கு வழி தோன்றாமல் இருந்ததே கிடையாது. தடுப்புக்குக் கொஞ்சம் கீழே, நம் பக்கத்திலேயே, நான் வழக்கமாகக் காய் வாங்குகிற தோட்டம் ஒன்று இருந்தது. காய் உலர்த்துகிற கட்டடம் அந்த மாதத்தில் காலியாகத்தான் கிடக்கும். காவல்காரர் என்னைத் தெரிந்தவர். ஒரு அறையைத் திறந்துவிட்டார், பாயும் கம்பளியும் கொடுத்தார், காசு கேட்கவில்லை. தங்குமிடமும் இனாம்! சுவரெல்லாம் ஏலக்காய் வாசம். ஜன்னலைத் திறந்தால் கீழே போடி மொத்தமும் தெரியும். வாசலுக்குப் பக்கத்திலேயே காரை நிறுத்தினோம். காவல்காரர் ஒரு பானையையும் சட்டியையும் கொண்டுவந்து, மூன்று கல் கூட்டிய அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, என் சம்சாரத்தைப் பார்த்தார். டிரைவரும் அவளைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அவள் காரின் பின்கதவைத் திறந்து ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, "கையடிச்சுக் குடுத்தீங்கள்ல?" என்றாள். கண்ணாடி மேலே ஏறிவிட்டது.

"மணி பன்னெண்டாகப் போகுது தம்பி" என்றார் டிரைவர், வானத்தைப் பார்த்துக்கொண்டே. "ஒரு வேளை தப்புனாத் திருப்பிக்கிட்டு வரச் சொல்லித்தான் மொதலாளி அனுப்புனாரு. எனக்கு ஒண்ணுமில்ல. அவரு சொன்னதச் சொல்றேன்."

காவல்காரரைப் பார்த்தேன். "நான் வீட்ல இருந்து கட்டுச்சோறு கொண்டாந்துருவேங்க. இந்தச் சோலி எனக்குத் தெரியாது" என்று நகர்ந்துவிட்டார்.

வேட்டியை மடித்துக் கட்டினேன். அதுவரை நான் தீக்குச்சி கிழித்தது பீடிக்கு மட்டும்தான். விறகோ மழை ஈரம். ஊதி ஊதிக் கண் ரெண்டும் மிளகாய்ப் பழம் ஆயிற்று. அரிசியைக் கழுவிப் போட்டபிறகு தண்ணீர் எவ்வளவு என்று தெரியவில்லை. காரைப் பார்த்து, "ஏ புள்ள! தண்ணி எத்தன பங்கு?" என்று கத்தினேன்.

கண்ணாடி ரெண்டு விரல் இறங்கியது. "யோசிக்கக்கூடக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை இருந்தது. கரண்டியில் நாலு பருக்கையை எடுத்துக்கொண்டு, ஏலக்காய்ச் சாம்பிள் காட்டப் போகிறவன் போல நடந்தேன். சர்க்கார் ஆள், "கையில் எந்தா?" என்றார். "சோத்துக்குப் பதம் பாக்கப் போறேன் சார்" என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு விட்டுவிட்டார். டீக்கடைச் சேட்டன் பருக்கையை நசுக்கிப் பார்த்து, "உள்ளில் கல்லு. இனியும் வேகணும். மலையில் அரிசி பதுக்கெ, மெதுவாத்தான் வேகும்" என்று சொல்லிக் கொடுத்தார். சோற்றுப்பதம் கேட்க வெளிநாடு போய் வந்தவன் போடியில் நான் ஒருத்தன்தான்.

திரும்பி வருவதற்குள் அடி கரிந்துவிட்டது. மேலே வேகவில்லை. நடுவில் இருந்ததை டிரைவருக்குப் போட்டேன். முதல் தட்டு எப்போதும் அவருக்குத்தான், வண்டியைத் திருப்பிவிடக் கூடாதே! ஒரு வாய் வைத்துவிட்டு வெகுநேரம் மென்றார்.

"இது சோறா தம்பி, இல்ல சரளையா?"

"திரும்பிப் போறீங்களா அண்ணே?"

"அதெப்படி? வேளை தப்பலையே. இன்னுங் கொஞ்சம் போடுங்க."

காருக்கும் ஒரு தட்டுக் கொண்டுபோனேன். அவள் சாப்பிட்டாள். கரிந்த பருக்கையை மட்டும் தட்டின் ஓரத்தில் வரிசையாக ஒதுக்கி வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் இன்னொரு சோதனை. உலை கொதிக்கிற நேரம், எஸ்டேட்டிலிருந்து ஆள் இறக்குகிற ஜீப் ஒன்று எங்கள் முன்னால் நின்றது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற. உள்ளே பூராவும் போடிப் பெண்கள். தடுப்பில் நடந்த கதை அதற்குள் மலை பூராவும் பரவியிருந்தது.

"அடியே, அங்க பாருங்கடி! ஏலக்காக் கட அண்ணே பொங்குறாரு!"

"மதினி எங்கண்ணே?"

"அந்தா, கார்ல இருக்காகல்ல மகாராணி கணக்கா!"

"எண்ணே, எங்க வீட்டுக்கும் வந்து பொங்கிப் போடுறீங்களா? பெட்ரோலு மட்டும் நாங்க போட்டுர்றோம்!"

ஜீப்பே குலுங்கிற்று. அந்த ஜீப் எனக்கு முன்னால் போடிக்குள் நுழைந்துவிடும், சாயங்காலத்துக்குள் கடைத்தெரு பூராவும் சிரிக்கும் என்று எனக்குத் தெரியும். கரண்டியைக் கீழே போட்டுவிடலாமா என்று இருந்தது. அப்போதுதான் காருக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. வாயைப் பொத்தாமல், தலையைச் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வர அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் மருமகள்கள் சத்தம் போட்டுச் சிரிக்க மாட்டார்கள். நாலு வருஷத்தில் அந்தச் சத்தத்தை நான் முதல் தடவையாகக் கேட்டேன். கரண்டியைக் கீழே போடவில்லை.

அந்த மூன்று நாளும் அவள் வேலை என்று ஒன்றும் செய்யவில்லை. காலையிலும் சாயங்காலமும் காரை இந்த நாட்டில் விட்டுவிட்டு, நாங்கள் ரெண்டு பேரும் நடந்தே வெளிநாடு போய்ச் சேட்டன் கடையில் டீ குடித்தோம். மத்தியானம் பின்சீட்டில் காலை நீட்டித் தூங்கினாள். மற்ற நேரம் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை, "அந்தா தெரியுற பொக நம்ம வீட்டுப் பக்கமா?" என்று கேட்டாள். இருக்கும் என்றேன். முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அங்கே எங்கள் மதினிமார் ரெண்டு பேரும் மாறி மாறிப் பொங்கினார்கள். ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை.

என் சமையலும் தேறியது. சும்மா தேறவில்லை. ரெண்டாம் நாள் ராத்திரிச் சோறு பூப்போல இருந்தது. மூன்றாம் நாள் பருப்புக் குழம்பில் ரெண்டு ஏலக்காயைத் தட்டிப் போட்டேன். அது என் சொந்த யோசனை. டிரைவர் பேசாமல் நாலு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அவர் பேசவில்லை என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். என் சம்சாரம், "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிவிட்டு, தட்டை மறுபடியும் நீட்டினாள்.

அன்றைக்குச் சாயங்காலம் இறங்குவதாகப் பேச்சு. டிரைவர் கண்ணாடியைத் துடைத்து, டயரைத் தட்டிப் பார்த்து, ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினார். நான் பானையைக் கழுவிக் கவிழ்த்தேன். அவள் ஏற்கெனவே காரில்தான் இருந்தாள். கண்ணாடி இறங்கியது.

"ஏங்க."

"என்ன?"

"இன்னும் ஒரு நாளு இருந்துட்டுப் போவமா?"

நாலு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டது ரெண்டே ரெண்டு. முதலாவதில் மூங்கில் இறங்கிவிட்டது. இதிலும் இறங்கக் கூடாது. டிரைவரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அண்ணே, ஒரு நாளு சேத்து நிப்போமா?"

"மொதலாளி மூணு நாளுன்னுதான சொன்னாரு?"

"வண்டி கொதிச்சுப்போச்சு, ஆறுறதுக்கு ஒரு நாளாச்சுன்னு சொல்லுங்க."

"பொய் சொல்லச் சொல்றீங்க." கண்ணாடி துடைத்த துணியை உதறினார். "சேட்டன் கடையில ஒரு சேவல் நிக்குது, பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நல்ல சேவலு."

"முட்டை வாங்கித் தர்றேண்ணே."

"முட்டைக்கெல்லாம் வண்டி கொதிக்காது தம்பி."

"அரைக் கோழி."

"அரைக் கோழி எங்க நடக்கும்? முழுசு. கால் ரெண்டும் எனக்கு. கொழம்பு வேணாம், வறுவல்."

அதுதான் படிந்தது. ஒரு நாள் காருக்கு ஒரு சேவல்! எண்பது ரூபாய் கொடுத்த அந்த ஆளிடம் போய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது. மறுநாள் காலையில் சேட்டனிடம் பேசி, அவர் கேட்டதில் பாதிக்குச் சேவலை வாங்கி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தடுப்பைத் தாண்டினேன். சர்க்கார் ஆள் பார்த்தார். எவ்வளவுக்கு வாங்கினேன் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மிளகைத் தட்டி, சின்ன வெங்காயம் உரித்து, முதல் தடவையாக இறைச்சி வறுத்தேன். வாசம் பிடித்துக் காவல்காரரும் கட்டுச்சோற்றை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். டிரைவர் கையைக் கழுவிவிட்டுச் சப்பணம் போட்டுத் தயாராக இருந்தார். என் சம்சாரம் கார்க் கதவைத் திறந்துவைத்து, முன்சீட்டின் முதுகில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, "வெந்துருச்சா?" என்று கேட்டாள்.

எங்கள் வீட்டில் அவள் சாப்பிடுவது எல்லோருக்கும் கடைசியில், சட்டியைச் சுரண்டி. நான் முதல் தட்டைப் போட்டு, காலில் ஒன்றை அதில் வைத்து, காருக்குக் கொண்டுபோனேன்.

"தம்பி, தம்பி!" என்றார் டிரைவர். "மொதத் தட்டு எனக்குல்ல? கால் ரெண்டும் எனக்குன்னுதான பேச்சு?"

"உங்க மொதலாளிகிட்டப் பேசுன பேச்சு மூணு நாளைக்குத்தாண்ணே. அது நேத்தோட முடிஞ்சுபோச்சு. சேவக் காலுக்கு நான் கையடிச்சுக் குடுக்கல. இன்னைக்கு நான் வைக்கிறதுதான் சட்டம். ஒரு காலு வரும், பேசாம உக்காருங்க" என்றேன்.